செஸ் சாம்பியன்ஷிப்பில் கம்ப்யூட்டருக்கு ஒரு நாற்காலி போடலாமா?

1988 நவம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், லாங் பீச் நகரில், ஒரு ஓப்பன் செஸ் டோர்னமென்ட் நடந்தது. முன்னாள் உலக சாம்பியன் மிகைல் தால் ஆடினார். டென்மார்க்கின் பெரிய கிராண்ட்மாஸ்டர் பென்ட் லார்சன் ஆடினார். கடைசியில் முதலிடம் இரண்டு பேருக்குச் சமமாகப் போனது. ஒருவர் இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். இன்னொன்றை "ஒருவர்"னு எழுதுவதா வேண்டாமானு தெரியலை. அது டீப் தாட் என்ற கம்ப்யூட்டர். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. பின்னாளில் ஐபிஎம்மின் டீப் புளூவாக வளர்ந்தது இதன் வழித்தோன்றல்தான்.

கம்ப்யூட்டருக்குப் பரிசுப் பணம் கிடையாது என்பது அந்தப் போட்டியின் ஏற்பாடு. அதனால் முதல் பரிசு 10,000 டாலரும் மைல்ஸுக்கே போனது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே சிரித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். மனுஷனுக்குப் பணம், மெஷினுக்குப் பெருமை, எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனா எனக்கு லார்சன் மேலதான் கண். அந்தப் போட்டியில் டீப் தாட் அவரைத் தோற்கடித்தது. டோர்னமென்ட் ஆட்டத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டரை கம்ப்யூட்டர் ஜெயித்தது அதுதான் முதல் முறை என்று வரலாற்றில் எழுதுகிறார்கள். சரி, வரலாறு இருக்கட்டும். லார்சன் கணக்கில் ஒரு புள்ளி குறைந்ததே, அது யாருக்குப் போனது? பரிசு வாங்கவே தகுதியில்லாத ஒரு போட்டியாளருக்கு. அதே சமயம், அதே போட்டியில் அந்த மெஷினைச் சந்திக்காமலே தப்பித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் யாருக்கும் இந்த இழப்பு இல்லை.

மனிதர்களுக்கான செஸ் சாம்பியன்ஷிப்பில் கம்ப்யூட்டர் புரோகிராம் ஆடலாமா கூடாதா என்ற கேள்வியை வழக்கமா "மெஷின் பெருசா மனுஷன் பெருசா"ன்னு ஆரம்பிப்பாங்க. நான் லார்சனின் அந்த ஒரு புள்ளியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஏன் உள்ளே விட்டார்கள்?

ஒரு புரோகிராமராக என் அனுதாபம் முதலில் மெஷின் பக்கம்தான் போகும். ஏன்னு சொல்றேன். நாம எழுதின கோடை நாமே டெஸ்ட் செய்தால் எல்லா டெஸ்ட் கேஸும் பாஸ் ஆகும். முன்பின் தெரியாத யாரோ கையில் கொடுத்தாதான் வண்டவாளம் தெரியும். செஸ் புரோகிராம்களுக்கும் அதே கதைதான்.

1967இல் எம்ஐடியில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் எழுதிய மேக் ஹேக் என்ற புரோகிராம் மாசசூசெட்ஸில் மனிதர்களின் டோர்னமென்ட்களில் ஆடியது. முதல் போட்டியில் ஒரு ஆட்டத்தைக் கூட ஜெயிக்கவில்லை, ஒரே ஒரு டிரா. இருந்தாலும் அமெரிக்க செஸ் கூட்டமைப்பு அதைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த 20 வருடத்தில் நிலைமை வேகமாக மாறியது. 1977இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் செஸ் 4.5 மினசோட்டா ஓப்பனில் முதலிடம் பிடித்தது. 1981இல் கிரே பிளிட்ஸ் மிஸிசிப்பி மாநில சாம்பியன்ஷிப்பில் 5 ஆட்டங்களில் 5 புள்ளி எடுத்தது. 1983இல் பெல் ஆய்வகத்தின் பெல் என்ற மெஷின் மாஸ்டர் தரத்துக்கு வந்தது. அதைக் கட்டிய இருவரில் ஒருவர் யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ப்சன்.

இந்த வளர்ச்சிக்கு மனித எதிராளிகள் தேவைப்பட்டார்கள். இரண்டு புரோகிராம்களை ஒன்றோடொன்று ஆட விட்டால் பல நேரம் இரண்டுக்கும் ஒரே குருட்டுப்புள்ளி இருக்கும். ஒரு உதாரணம். ஒரு புரோகிராம் 6 அரை-நகர்வுகள் வரைக்கும்தான் பார்க்கும்னு வைங்க. 6ஆவதில் தன் யானை வெட்டுப்படும்னு அதுக்குத் தெரியுது. உடனே நடுவில் ஒரு சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும். எதிராளி அதை வெட்ட வேண்டியிருப்பதால் யானையின் இழப்பு 8ஆவது அரை-நகர்வுக்குத் தள்ளிப்போகும். 6க்கு மேல் பார்க்காத புரோகிராமுக்கு யானை தப்பித்த மாதிரியே தோணும். உண்மையில் யானையும் போச்சு, சிப்பாயும் போச்சு. இதற்கு அடிவான விளைவு என்று ஹான்ஸ் பெர்லினர் பெயர் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஆபத்து இல்லாத ஆபத்து என்று நினைப்பது. இதே நோய் உள்ள இன்னொரு புரோகிராமோடு ஆடினால் இது வெளியே வராமலே போகலாம். கொஞ்சம் விவரமான மனிதர் ஒருவர் எதிரே உட்கார்ந்தால் இரண்டு ஆட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் அந்தக் காலத்தில் புரோகிராம்களை மனிதர்களின் போட்டிகளில் அனுமதித்தது தவறுன்னு என்னால் சொல்ல முடியலை. அந்தப் பலன் நம் எல்லாருக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்தப் பலனுக்கான விலையைக் கொடுத்தது யார் என்பது தனிக் கேள்வி.

மோட்டார் பைக் உதாரணம் ஏன் போதாது

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் "ஓட்டப்பந்தயத்துல மோட்டார் பைக்கை விடுவியா?"ன்னு கேட்பார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. 100 மீட்டர் ஓட்டத்தில் 8 பேர் தனித்தனித் தடத்தில் ஓடுகிறார்கள். 9ஆவது தடத்தில் ஒரு பைக் போகுது. பைக் முதலில் வரும். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் மற்ற 8 பேரின் வரிசை அப்படியேதான் இருக்கும். பைக் யாருடைய நேரத்தையும் திருடவில்லை.

செஸ் அப்படி இல்லை. செஸ்ஸில் நாம் எடுக்கும் ஒவ்வொரு புள்ளியும் எதிரே இருப்பவரிடமிருந்து எடுப்பது. ஒரு மெஷின் உள்ளே வந்தால் அது தன் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு சும்மா இருக்காது. மற்றவர்களின் வரிசையையும் கலைக்கும். எவ்வளவு கலைக்கும் என்பது போட்டியின் அமைப்பைப் பொறுத்தது. மூன்று அமைப்புகளையும் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் ரவுண்ட் ராபின், அதாவது எல்லாரும் எல்லாரோடும் ஆடுவது. இதில் ஒரு வேடிக்கை இருக்கு. மெஷின் எல்லாரையும் ஜெயித்தால் ஒன்றும் ஆகாது. எல்லாருக்கும் ஒரு பூஜ்யம் கூடும், வரிசை மாறாது. மெஷின் எல்லாரிடமும் தோற்றாலும் அப்படியே. பிரச்சினை நடுவில்தான். 10 பேர் ஆடும் போட்டியில் இரண்டு பேர் மற்ற மனிதர்களிடம் தலா 6 புள்ளி எடுத்திருக்கிறார்கள். முதலாமவர் சிப்பாய்களை அடைத்து வைத்து, பலகையைப் பூட்டி, மெஷினுக்குக் கணக்குப் போட வழியே இல்லாமல் செய்து டிரா வாங்குகிறார். இரண்டாமவர் தன் இயல்பான தாக்குதல் ஆட்டத்தை ஆடி மெஷினிடம் தோற்கிறார். முதலாமவர் சாம்பியன். மனிதர்களுக்குள் இரண்டு பேரும் சமம். பட்டத்தைத் தீர்மானித்தது கம்ப்யூட்டரைச் சமாளிக்கும் வித்தை.

இப்போதைய நிலையில் இந்த நடு நிலை கடந்துபோச்சு. ரேட்டிங் கணக்கின்படி 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் பலமானவர் 100க்கு 76 எடுப்பார். 400 என்றால் 91. 800 என்றால் 99. மக்னஸ் கார்ல்சன் தொட்ட உச்ச ரேட்டிங் 2882. இன்றைய ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின்களின் தனிப்பட்டியலில் 3500க்கு மேல் நிற்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல், நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. இருந்தாலும் இடைவெளி எந்த மாதிரி என்பது புரிந்திருக்கும்.

இரண்டாவது ஸ்விஸ் முறை. ஓப்பன் போட்டிகளில் பெரும்பாலும் இதுதான். ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை ஜோடி சேர்ப்பார்கள். 100 பேர் ஆடும் 9 ரவுண்ட் போட்டியில் மெஷின் அதிகபட்சம் 9 பேரைத்தான் சந்திக்கும். அந்த 9 பேர் யார்? மேல் பலகைகளில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பவர்கள். நன்றாக ஆடியதற்குத் தண்டனை மாதிரி ஒரு பூஜ்யம். ஒரு படி கீழே இருந்தவர் அதைச் சந்திக்காமலே முந்திவிடுவார். இங்கே மெஷின் பலமாக ஆக ஆக அநியாயம் கூடும், குறையாது. லாங் பீச்சில் லார்சன் நிலை இதுதான்.

மூன்றாவது நாக்-அவுட். 1994 ஆகஸ்ட்டில் லண்டனில் நடந்த இன்டெல் கிராண்ட் பிரிக்ஸ் ரேபிட் போட்டி ஒரு நேரடிப் பாடம். அதில் செஸ் ஜீனியஸ் என்ற புரோகிராம், ஒரு பென்டியம் கம்ப்யூட்டரில் ஓடியது, அன்றைய உலகின் முதல் நிலை ஆட்டக்காரர் கேரி காஸ்பரோவை 1.5–0.5 என்று ஜெயித்தது. காஸ்பரோவ் வெளியே. அடுத்து பிரெட்ராக் நிக்கோலிச் வெளியே. அரையிறுதியில் எதிரே உட்கார்ந்தவர் நம்ம விஸ்வநாதன் ஆனந்த். 2–0 என்று மெஷினை அனுப்பிவைத்தார்.

ஆனந்த் ஜெயிச்சதுல நமக்கு சந்தோஷம்தான். ஆனா போட்டியின் கணக்காகப் பாருங்க. இறுதிக்குப் போக ஆனந்த் காஸ்பரோவையோ நிக்கோலிச்சையோ தாண்டவில்லை. அவர்களைத் தாண்டியது மெஷின், மெஷினைத் தாண்டியது ஆனந்த். "கம்ப்யூட்டர் இல்லாமல் இருந்திருந்தால்?" என்ற கேள்வி அந்தப் போட்டியின் பாதி அட்டவணைக்குப் பொருந்தும். அந்தக் கேள்வியை ஆனந்தின் வெற்றியோடு ஒட்டவைத்ததுகூட அவருக்குச் செய்த அநியாயம்தான்.

எதிர்ப்பவர்கள் சொல்லும் தப்பான காரணங்கள்

கம்ப்யூட்டர் ஆடக் கூடாது என்பவர்கள் வழக்கமா சொல்லும் காரணங்கள் மூன்று.

ஒன்று, "அது யோசிக்கவில்லை, வெறும் கணக்குத்தான் போடுது." இருக்கட்டும். பலகையில் வந்து விழுவது நகர்வு மட்டும்தான். எதிராளி எப்படி அதைக் கண்டுபிடித்தார் என்று செஸ் விதி கேட்பதில்லை.

இரண்டு, "அது புத்தகம் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுது." தொடக்க நகர்வுகளின் தொகுப்பும், சில காய்களே மிச்சமிருக்கும் முடிவாட்டங்களுக்கான அட்டவணைகளும் மெஷினுக்குள் இருக்கும். மனிதர்கள் ஆட்டத்தின் நடுவே குறிப்பைப் பார்க்கக் கூடாது. இது கொஞ்சம் நியாயமான புகார். ஆனால் புரோகிராம் எழுதியவர் "அது என் மெஷினின் ஞாபகம்"னு சொல்வார். இந்த வாதம் முடியவே முடியாது. முக்கியமா, அந்தத் தொகுப்பையெல்லாம் பிடுங்கிவிட்டாலும் மேலே சொன்ன புள்ளிக் கணக்குப் பிரச்சினை அப்படியே இருக்கும்.

மூன்று, "அது ரொம்ப பலம்." பலம் ஒரு காரணமே இல்லை. ரவுண்ட் ராபினில் எல்லாரையும் ஜெயிக்கும் மெஷினைவிட, பாதிப் பேரை ஜெயிக்கும் மெஷின்தான் அதிகம் கெடுக்கும் என்று பார்த்தோம்.

இந்த மூன்றையும் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஒன்றுதான். சாம்பியன்ஷிப்பில் என் எதிரே உட்காரும் ஒவ்வொருவரும் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்படுபவராக, அதைப் பெறத் தகுதியுள்ளவராக இருக்கணும். அவர் என்னிடமிருந்து ஒரு புள்ளி எடுத்தால் அதை வைத்து அவர் மேலே போவார். எனக்கு வந்த நஷ்டம் இன்னொரு போட்டியாளருக்கு லாபம். இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதித்துத்தான் எல்லாரும் பெயர் கொடுக்கிறோம். பரிசுக்குத் தகுதியில்லாத மெஷின் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றுகொண்டு புள்ளியை மட்டும் எடுக்குது.

அப்போ பட்டத்தையும் கொடுத்துவிடலாமா?

"சரி, அப்ப அதுக்கும் தகுதி கொடுத்துடு, ஜெயிச்சா சாம்பியன்னு எழுதிடு"ன்னு ஒரு பதில் இருக்கு. இதை லேசாகத் தள்ள முடியாது. இது கிட்டத்தட்ட நடந்தும் இருக்கு.

2000ஆம் ஆண்டு ராட்டர்டாம் நகரில் நெதர்லாந்து தேசிய சாம்பியன்ஷிப் நடந்தது. ஃப்ரிட்ஸ் என்ற புரோகிராம் மனிதர்களோடு சேர்ந்து போட்டியாளராகவே ஆடியது. ஆட்டக்காரர்களில் சிலர் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். கம்ப்யூட்டரை மடக்கும் வித்தையில் பெயர் போன யான் ஃபான் டெர் வீல் அதை மூடிய நிலையில் மெதுவாக நெரித்து ஜெயித்தார். பட்டம் லூக் ஃபான் வெலிக்குப் போனதால் பெரிய தலைவலி வராமல் தப்பித்தது. ஃப்ரிட்ஸ் முதலில் வந்திருந்தால்? நெதர்லாந்தின் சாம்பியன் யார்?

இந்தக் கேள்வியை ஒரு மென்பொருள்காரனின் கண்ணால் பார்த்தால்தான் சிக்கல் முழுசாகத் தெரியும். ஒரு புரோகிராம் என்பது "ஒரு ஆள்" இல்லை. அதைக் காப்பி எடுக்கலாம். ஒரு காப்பி ஆடலாம் என்றால் 20 காப்பி ஏன் ஆடக் கூடாது? 3ஆவது ரவுண்டில் தோற்றதும் ராத்திரி உட்கார்ந்து பக்கைச் சரிசெய்து 4ஆவது ரவுண்டுக்குப் புது வெர்ஷன் அனுப்பினால் அது அதே போட்டியாளரா? வேகமான ஹார்டுவேருக்கு மாற்றினால்? 15ஆவது வயதில் தோற்ற பையன் 18ஆவது வயதில் ஜெயிக்கும்போது அது அதே பையன்தான், சந்தேகமே இல்லை. புரோகிராமுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

கம்ப்யூட்டர்களுக்கென்றே நடக்கும் உலக சாம்பியன்ஷிப்பிலேயே இந்தத் தகராறு வந்தது. அந்தப் போட்டி 1974இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கியது, முதல் சாம்பியன் சோவியத் நாட்டின் காய்ஸா. ரிப்கா என்ற புரோகிராம் 2007 முதல் 2010 வரை தொடர்ந்து நான்கு முறை ஜெயித்தது. 2011இல் நான்கு பட்டங்களும் பறிக்கப்பட்டன. வேறு புரோகிராம்களின் கோடிலிருந்து எடுத்தது என்று குற்றச்சாட்டு. அந்த முடிவு சரியா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். இது சாதாரண விதிமீறல் தகராறு இல்லை. "ஜெயித்தது யார்?" என்ற அடிப்படைக் கேள்விக்கே பதில் தெரியாத தகராறு.

தேசிய சாம்பியன் என்ற பட்டத்தோடு இன்னும் சில வரும். அழைப்புகள், அடுத்த கட்டப் போட்டிக்கான வாய்ப்பு, ஸ்பான்சர், அடுத்த ஒரு வருடத்துக்கான வருமானம். பெரும்பாலான கிராண்ட்மாஸ்டர்கள் பணக்காரர்கள் இல்லை. ஒரு நல்ல போட்டியில் கிடைக்கும் பரிசை நம்பி வண்டிச் சத்தம் கொடுத்து வருபவர்கள்தான் அதிகம். மெஷினுக்கு இதெல்லாம் வேண்டாம். அதைச் செய்த கம்பெனிக்கு விளம்பரம் வேண்டும். அந்த விளம்பரத்துக்கான மேடைச் செலவை எதிரே ஆடுபவர் தலையில் கட்டக் கூடாது.

சம்மதம் கேட்டால் கதையே வேறு

இப்படிச் சொல்வதால் மனிதனும் மெஷினும் ஆடவே கூடாதுன்னு அர்த்தமில்லை. அவர்கள் ஆடிய சிறந்த ஆட்டங்கள் எல்லாம் தனிப் போட்டிகளில்தான் நடந்தன.

1968இல் ஸ்காட்லாந்தின் செஸ் ஆட்டக்காரர் டேவிட் லெவி, 10 வருடத்துக்குள் எந்த கம்ப்யூட்டரும் தன்னை ஒரு தொடரில் ஜெயிக்காதுன்னு செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர்களிடம் பந்தயம் கட்டினார். 1978இல் டொரான்டோவில் செஸ் 4.7ஐ 3.5–1.5 என்று ஜெயித்துப் பந்தயப் பணத்தை வாங்கினார். தோற்றிருந்தால் அவருடைய சொந்தப் பணம் போயிருக்கும், அது அவர் தெரிந்தே எடுத்த ரிஸ்க்.

1996இல் ஃபிலடெல்ஃபியாவில் காஸ்பரோவ் டீப் புளூவை 4–2 என்று ஜெயித்தார், 1997இல் நியூயார்க்கில் 3.5–2.5 என்று தோற்றார். இரண்டாவது தொடருக்கு முன் டீப் புளூவின் பழைய ஆட்டங்களைத் தனக்குத் தரவில்லை என்பது அவருடைய பெரிய மனக்குறை. மனித எதிராளி என்றால் ஆயிரம் ஆட்டங்கள் பொதுவில் கிடைக்கும். பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து பாடம் கற்றார்கள். 2006இல் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸோடு ஆடிய விளாதிமிர் கிராம்னிக், மெஷின் தன் தொடக்கத் தொகுப்பிலிருந்து ஆடும்வரை அதன் திரையைத் தானும் பார்க்கலாம் என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். அப்படியும் 4–2 என்று தோற்றார். இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்வில் மேட் ஆவதைக் கவனிக்காமல் ராணியை நகர்த்தினார். ஒரு உலக சாம்பியன்! அன்று அவருக்கு என்ன ஆச்சோ, நமக்கெல்லாம் ஆகும் அதேதான். மெஷினுக்கு மட்டும் அது ஆகாது.

ஓப்பன் போட்டிகளிலும் சம்மதத்துக்கு இடம் கொடுக்க முடியும். கம்ப்யூட்டர் ஆடும் போட்டியில் அதை முன்கூட்டியே அறிவிக்கணும், அதோடு ஆட விருப்பமில்லாதவர் மறுக்கலாம் என்று அமெரிக்க செஸ் கூட்டமைப்பின் விதிகளில் ஏற்பாடு செய்தார்கள். எனக்கு இது நியாயமான ஏற்பாடாகப் படுது. ஹேக் நகரில் 1986 முதல் 1997 வரை நடந்த ஏகான் போட்டிகள் இன்னும் நேர்மை. மனிதர்கள் ஒரு பக்கம், மெஷின்கள் மறுபக்கம், வருபவர்கள் எல்லாரும் அதற்காகவே வந்தவர்கள்.

அழைக்காமலே வந்த விருந்தாளி

"இதெல்லாம் பழைய கதை, இப்ப யார் ஸ்டாக்ஃபிஷை சாம்பியன்ஷிப்புக்குக் கூப்பிடப்போறாங்க?"ன்னு கேட்கலாம். சரிதான், யாரும் கூப்பிடுவதில்லை. ஆனா 2009இல் பியூனஸ் ஐரிஸில் ஒன்று நடந்தது. பாக்கெட் ஃப்ரிட்ஸ் 4 என்ற புரோகிராம் சாதாரண மொபைல் போனில் ஓடியபடி மெர்கோசூர் கோப்பைப் போட்டியில் ஆடி, 10 ஆட்டத்தில் 9.5 புள்ளி எடுத்தது. டீப் புளூ ஒரு நொடிக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. இந்தப் போன் பார்த்தது 20,000க்கும் குறைவு. அதற்குப் பிறகு மெஷினுக்கு அழைப்பிதழே தேவையில்லை. யார் சட்டைப் பையிலாவது அதுவே வந்துவிடும்.

வந்தும் இருக்கு. 2006இல் இந்தியாவில் ஒரு ஆட்டக்காரர் தொப்பிக்குள் புளூடூத் கருவியோடு பிடிபட்டு 10 வருடத் தடை வாங்கினார். 2019இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு கிராண்ட்மாஸ்டர் கழிப்பறையில் போனோடு பிடிபட்டு, பிறகு பட்டத்தையே இழந்தார். 1770இல் வுல்ஃப்காங் ஃபான் கெம்பலன் செய்த துருக்கியன் என்ற செஸ் பொம்மைக்குள் ஒரு மனிதர் ஒளிந்துகொண்டு ஆடினார். இப்போது மனிதருக்குள் மெஷின் ஒளிந்திருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துத் தேடுகிறார்கள்.

இதில் கெடுவதும் லார்சனுக்கு நடந்ததேதான், கொஞ்சம் மோசமான வடிவத்தில். லாங் பீச்சில் எதிரே இருப்பது மெஷின் என்றாவது அவருக்குத் தெரியும். இப்போது தோற்றவருக்கு யாரிடம் தோற்றோம் என்றே தெரியாது. ஏமாற்றாத இளம் ஆட்டக்காரர் ஒரு அபாரமான ஆட்டம் ஆடினாலும் சந்தேகப் பார்வைக்கு ஆளாகிறார். நன்றாக ஆடியதற்கு இவருக்கும் தண்டனை.

எல்லாரும் எஞ்சின் வைத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டால் என்ன? அதற்கும் பதில் இருக்கு, ஏன்னா ஏற்கனவே செய்து பார்த்தாச்சு. 1998இல் ஸ்பெயினின் லியோன் நகரில் காஸ்பரோவும் டோபலோவும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர் துணையோடு ஆடினார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு ரேபிட் ஆட்டத்தில் காஸ்பரோவ் அவரை 4–0 என்று ஜெயித்திருந்தார். லியோனில் 3–3. இருவருக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தைக் கம்ப்யூட்டர் நிரவிவிட்டது. சர்வதேச அஞ்சல் வழிச் செஸ்ஸில் எஞ்சினுக்குத் தடை இல்லை. அங்கே உயர்மட்ட ஆட்டங்களில் மிகப் பெரும்பாலானவை டிராவில்தான் முடிகின்றன. அது ஒரு நேர்மையான தனி விளையாட்டு, மறுக்கவில்லை. ஆனா "இவர்களில் யார் நன்றாக ஆடுகிறார்?" என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

என் முடிவு

புரோகிராம்களுக்கு அவற்றின் சொந்தப் போட்டிகள் இருக்கு. அங்கே அவை ஆடும் ஆட்டங்களை நான் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பவன். தனிப் போட்டி என்றால், இருவரும் ஒப்பந்தம் போட்டு ஆடட்டும். காட்சிப் போட்டி, பரிசோதனைப் போட்டி என்றால் முன்பே சொல்லிவிட்டு, மறுக்க விரும்புபவரை மறுக்க விட்டு நடத்தட்டும். பட்டம், தகுதி, பரிசு என்று ஏதாவது ஒன்றைப் பிரித்துக் கொடுக்கும் போட்டியில் மட்டும் புரோகிராமுக்கு நாற்காலி வேண்டாம். பலமாக இருந்தாலும் பலவீனமாக இருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் பயிற்சிக்கு எஞ்சின் வைத்துக்கொள்வது வேறு விஷயம். அதைக்கூட எப்போது தொடணும்னு யோசிப்பவர்கள் உண்டு. சென்னையின் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, கிராண்ட்மாஸ்டர் ஆகும் காலம்வரை எஞ்சின் பக்கம் போகவிடாமல் சொந்தமாகக் கணக்கிட வைத்தார். அந்தப் பையன் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். கடைசி ஆட்டத்தில் டிங் லிரென் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தியதும் திரையில் பார்த்துக்கொண்டிருந்த நமக்கெல்லாம் எஞ்சின் உடனே சொல்லிவிட்டது. அந்த அறைக்குள் இருந்த இரண்டு பேருக்கும் சொல்ல யாரும் இல்லை. குகேஷ் தானாகப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார், தண்ணி குடிச்சார், அப்புறம் ஆடினார். தோற்றவருக்கும் தான் யாரிடம் தோற்றோம் என்பதில் சந்தேகம் இல்லை.